காலிபா கத்தி வைத்த பெயர்

சாரிபுலாக்கில் மைராமின் பெண்குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று காலிபாவின் தொண்டை கட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் காலிபாவின் தொண்டை ஒருநாளும் கட்டியதில்லை, புகையிலைக் கொட்டகையில் வருடக்கணக்காகத் தூசி தின்றும் கட்டியதில்லை, மேஸ்திரிகளோடு கத்தியும் கட்டியதில்லை, தோற்றுப்போன ஒவ்வொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் தனியாக நின்று காற்றைத் திட்டியும் கட்டியதில்லை.

கிர்கிஸ் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போலக் கிடந்தது அந்த ஊர். அடியில் ஓடை, ஓடைக்கரையில் புகையிலை, மேலே நான்கு பக்கமும் மலைவரம்பு, வரம்பின் மேல் வரிசையாக நெட்டிலிங்கம் போல ஒல்லியான பாப்ளர் மரங்கள். அந்த ஊரில் மைராம் பெற்ற பிள்ளை எதுவும் நாற்பதாம் நாளைப் பார்க்கவில்லை. தொட்டில் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள். மறுபடி கட்டுவார்கள், மறுபடி அவிழ்ப்பார்கள். கடைசியில் தொட்டிலைக் கழுவி வெயிலில் வைக்கும்போது அவள் அழுவதைக்கூட விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்தப் பக்கத்துத் துருக்கிய இனத்தார் வைத்திருந்த வழி ஒன்றுதான். நம் பக்கத்தில் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன் என்று பெயர் வைப்பதில்லையா, தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவதில்லையா, கிட்டத்தட்ட அதேதான். பெயர் அவர்களுக்கு அலங்காரம் இல்லை. பெயர் ஒரு மனு, சமயத்தில் ஒரு ஏமாற்று வேலை. சாவு பல் வைக்காமல் இருக்கத் தெமிர் என்பார்கள், இரும்பு என்று அர்த்தம். சாவு கணக்குத் தவறிப் போகச் சாத்திபால்தி என்பார்கள், விலைக்கு வாங்கியது என்று அர்த்தம். வேறு எதுவும் பலிக்காத வீட்டில் துர்சுன் என்பார்கள். துர்சுன் என்றால் இருக்கட்டும், போகாமல் இருக்கட்டும். பெண்ணாக இருந்தால் நிலாவைக் குறிக்கும் ஆய் சேர்த்துத் துர்சுனாய். போகாதே நிலாவே, இங்கேயே இரு.

ஆகவே பிள்ளையை ஜன்னல் வழியாக வேறொருத்திக்கு விற்க வேண்டும், வாங்கியவளே பெயர் வைக்க வேண்டும், அதற்குப் பிறகு பெற்றவள் இரவல் பிள்ளையை வளர்ப்பது போல வளர்க்க வேண்டும். வாங்குவதற்குக் காலிபாவை மைராம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. காலிபாவுக்குக் கணவன் இல்லை, குழந்தை இல்லை, யாரிடமும் பயம் இல்லை. "ஏஜே, உங்கள் வாசலுக்கு வர மேஸ்திரியே யோசிக்கிறான்," என்றாள் மைராம்; ஏஜே என்றால் அந்த ஊரில் அக்கா. "சாவும் கொஞ்சம் யோசிக்கும்."

காலிபாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவள் படித்ததெல்லாம் துண்டறிக்கை, துண்டறிக்கைகள் எதிலும் ஜன்னல் வழியாகப் பிள்ளை வாங்குவது பற்றி ஒரு வரி இல்லை. ஆனாலும் மைராமின் முகத்தைப் பார்த்துச் சரி என்றுவிட்டாள். ஒரு கை தவிட்டை வெளியே நீட்டினாள், துணி மூட்டை போலப் பிள்ளை உள்ளே வந்தது. இனி பெயரை வலது காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். மெதுவாகச் சொல்ல வேண்டும், காதுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு ரகசியம் போலச் சொல்ல வேண்டும் என்று ஓதுகிற மோல்தோ சொல்லித்தான் வைத்தார்.

தவறு நடந்தது இங்கேதான். அந்த வாரம்தான் கொட்டகையில் வேலைநிறுத்தம் முறிந்திருந்தது. ஆளுக்கு ஒரு பொட்டலம் சர்க்கரையும் தேயிலையும் கொடுத்ததும், நகர மாட்டோம் என்று சபதம் போட்ட பெண்கள் நகர்ந்த வேகம் இருக்கிறதே, அதை நினைத்தால் காலிபாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையை வாங்கி நிமிர்ந்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முற்றம் முழுக்க அதே பெண்கள், வேலை முடிந்து புகையிலைக் கறையோடு வந்து நின்றிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை தானாக உயரும். பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள், "துர்சுன்" என்று ஓங்கி முழங்கினாள். கூட்டத்துக்கும் பழக்கம் விடவில்லை. மொத்த முற்றமும் முஷ்டியை உயர்த்தித் "துர்சுன்" என்று திருப்பி முழங்கியது. மூன்று முறையும் அப்படியே. சத்தம் ஓடையைத் தாண்டி, புகையிலையைத் தாண்டி, மலைவரம்பின் பாப்ளர் மரங்களில் மோதித் திரும்பி வந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. மோல்தோ காதைப் பொத்திக்கொண்டு, இது பெயர் வைத்த மாதிரி இல்லை, கதவடைப்பு அறிவித்த மாதிரி இருக்கிறது என்றார்.

நாற்பதாம் நாள் வந்தது, போனது, பிள்ளை இருந்தது. காய்ச்சல் வந்தது, போனது, பிள்ளை இருந்தது. பல் முளைத்த பிறகு தாய்மாமனுக்குக் காட்டுவதற்காக மைராமும் புருஷன் எசெனும் வண்டி கட்டினார்கள். வண்டி பாப்ளர் வரிசை வரைக்கும் ஒழுங்காகப் போனது. அதற்கு மேல் குதிரை நடந்தது, சக்கரம் சுழன்றது, ஆனால் வண்டி அங்கேயே இருந்தது. எசென் இறங்கித் தள்ளினான், ஆட்டுக்காரன் வந்து தள்ளினான், ஊரில் பாதி ஏறி வந்து தள்ளியது. கொட்டகையிலேயே நீளமான நாக்குக்காரியான ஜிபார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கோளாறு குதிரையில் இல்லை, பிள்ளையை இறக்கிப் பாருங்கள் என்றாள். இறக்கினார்கள், வண்டி அம்பு மாதிரிப் பாய்ந்து தாய்மாமன் ஊர்ப் பாதையில் ஓடியது, குதிரையைப் பிடிக்க எசென் பின்னாலேயே ஓடினான். காலிபாவின் சத்தம் எட்டிய இடம் வரைக்கும்தான் துர்சுனாய் போக முடியும் என்று ஊருக்குப் புரிந்தது. எவ்வளவு கத்தியிருக்கிறாய் பார் என்று ஜிபார் காலிபாவைக் கேட்டாள். எல்லாரும் வீட்டுக்குப் போய் ரொட்டி சுட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். வழி தவறும் கன்றுக்குட்டியைத் தொட்டில் காலில் கட்டினார்கள். அது மேய்ச்சலை மறந்து கொழுத்தது. பட்டணத்துக்கு ஓடிப்போகும் உத்தேசமுள்ள புருஷனின் மடியில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். அவன் மறுநாள் கூரை வேய்ந்தான். கோடையில் ஓடை வற்றும்போது அவளைக் கரையில் விளையாட விட்டார்கள், தண்ணீர் அங்கேயே தங்கியது. நிலம் நடுங்கினால் எல்லாரும் தங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடாமல் மைராமின் வீட்டுக்குள்ளே ஓடினார்கள். கணக்குப் பார்த்தால் அந்தக் குழந்தை ஊரில் யாரையும் விட அதிகம் உழைத்தது, கூலி இல்லாமல், விடுமுறை இல்லாமல். யாரும் கை தூக்காமல், யாரும் தீர்மானம் போடாமல், ஊரின் பொதுச்சொத்தாகிவிட்டது. காலிபா இதைப் பார்த்தாள். பார்த்தும் பேசாமல் இருந்தாள், காரணம் வெட்கமானது: அவள் வாழ்நாளில் கொடுத்த முழக்கங்களில் பலித்தது அது ஒன்றுதான்.

துர்சுனாய் வளர்ந்தாள். நீளமான கால்கள், சும்மா இருக்காத கால்கள். மாலையானால் மலைவரம்புக்கு ஏறி, பாப்ளர் வரிசையில் காற்றின் மேல் தோளைச் சாய்த்து, சுவரில் சாய்ந்தவள் போல நின்று, அந்தப் பக்கம் கீழே ஓடும் ரயிலைப் பார்ப்பாள். வருகிற லாரிக்காரனை எல்லாம் நிறுத்தி, ரயிலுக்குள் படுக்க இடம் உண்டா, கடல் என்றால் அக்கரை தெரியாது என்பது நிஜமா, பட்டணத்தில் தெருவுக்குத் தெரு பெயர் உண்டாமே என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து, யாருடைய கன்றுக்குட்டியாவது காத்துக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் உட்காருவாள்.

அவளுக்குக் கல்யாண வயது வந்தபோது அணைக் கம்பெனியும் வந்தது. ஓடையை மறித்து அந்தக் கிண்ணத்தை நிரப்பப் போகிறார்களாம். ஊர் காலியானால்தான் மதகை மூடலாம் என்பது சட்டமாம், ஆகவே புகையிலை அறுவடை முடிந்ததும் எல்லாரும் லாரியில் ஏறிவிட வேண்டுமாம். கம்பெனியின் அதிகாரி காசிமோவ், மீசை இன்னும் ஒழுங்காக வராத பையன், ஒலிபெருக்கியில் இதை வாசித்தபோது சாரிபுலாக் சிரித்தது. நம்மிடம் துர்சுனாய் இருக்கிறாள் என்று சிரித்தது. அவள் போக முடியாத வரைக்கும் ஊர் காலியாகாது, ஊர் காலியாகாத வரைக்கும் தண்ணீர் வராது. ஊர் நடுவில் அவளுக்குத் தனி அறை கட்டினார்கள், பாலாடையில் முதல் ஏட்டை அவளுக்குக் கொடுத்தார்கள், மலைவரம்புக்குப் போகாதே, எதற்கு வம்பு என்று கதவருகே இரண்டு இளவட்டங்களை உட்கார வைத்தார்கள். வெளியூரிலிருந்து பெண் கேட்டு வந்தவனை ஓடையில் தள்ளினார்கள். மறுபடியும் ஒரு முறை, தாங்கள் செய்ய வேண்டியதை வேறொருத்தி தலையில் வைத்துவிட்டு எல்லாரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள்.

ஒருநாள் காலை காலிபா புகையிலை கோத்துக்கொண்டிருக்கும்போது துர்சுனாய் காவல்காரப் பையன்களை ஏய்த்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஊசியை எடுத்துத் தானும் இரண்டு இலை கோத்தாள்.

"ஏஜே, உங்களுக்கு வேலைநிறுத்தம் தெரியும்தானே."

"எனக்குத் தோற்ற வேலைநிறுத்தம் தெரியும்."

"புகையிலை கோக்கிறவள் கோக்காமல் இருந்தால் அது வேலைநிறுத்தம். என் வேலை இங்கே இருப்பது. அதை நான் எப்படி நிறுத்துவது?"

காலிபாவின் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. கடைசியில் தான் வாழ்நாள் முழுக்கத் திட்டிய முதலாளி யாரென்றால், ஒரு கை தவிட்டுக்கு ஒரு உயிரை வாங்கி ஊருக்கு வாடகைக்கு விட்டவள்தான், அவள் இதோ இந்தக் கோணிமேல் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பில் பழைய சூடு ஏறியது. எழுந்தாள், விரலில் ரத்தத்தோடு கொட்டகை மணியை அடித்தாள்.

கூட்டம் சேர்ந்தது. காலிபா பேசினாள். வாங்கியவள் நான், ஆகவே விற்கும் உரிமையும் எனக்கு உண்டு, பெயரை விற்கப் போகிறேன் என்றாள். ஒரே ஆளுக்கு விற்றால் அந்த ஆளும் இவளைப் போலக் கட்டுண்டு போவார், ஆகவே பங்கு போட்டு எல்லாருக்கும் விற்கிறேன், ஆளுக்கு ஒரு கை தவிடு கொண்டு வாருங்கள், அவரவர் ஊருக்கு அவரவர் இருந்துகொள்ளுங்கள் என்றாள். கூட்டம் கொந்தளித்தது. எசென் அவளைக் கம்பெனியிடம் விலைபோனவள் என்றான். மோல்தோ பெயரைப் பங்கு போட்டதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை என்றார். பங்கு சின்னதாக இருந்தால் லாரியில் பாதிதான் ஏறுவோமா, மேல்பாதியா கீழ்பாதியா என்று ஜிபார் கேட்டாள். அப்போதும் யாரும் சிரிக்கவில்லை.

மைராம் மட்டும் கத்தவில்லை. மெதுவாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"அந்தப் பெயர்தான் அவளை உயிரோடு வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வரப்போவது லாரி இல்லை, ஏஜே. எது வரும் என்று உங்களுக்குத் தெரியும்."

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் காலிபா இல்லை. துர்சுனாய் தாயின் கையைப் பிடித்து, அந்தக் கையால் தன் முழங்காலைத் தடவ வைத்தாள். "அம்மா, இது இருக்கிற கால் இல்லை. நீ பெற்றது போகிற கால். போகாவிட்டாலும் ஒருநாள் நான் சாகத்தான் போகிறேன், இதே பாப்ளர் மரத்தடியில், ரயிலைப் பார்த்துக்கொண்டு." மைராம் அந்த முழங்காலைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் தவிடு இருந்தது.

காலிபா வீட்டு ஜன்னலில் விற்பனை நடந்தது. வெயில் நன்றாக அடித்தது. முதல் பங்கை மைராம் வாங்கினாள். தவிட்டை வாங்கிக்கொண்டு, காலிபா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவள் வலது காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். இந்த முறை மெதுவாகச் சொன்னாள், காதுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு ரகசியம் போலச் சொன்னாள், இப்படி ஒரு குரல் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. மைராம் ஜன்னலை விட்டு நகரும்போது அவள் காலடி மண்ணில் ஒரு விரல்கடை ஆழம் பதிந்தது. பிறகு ஜிபார் வந்தாள். பிறகு அன்று முற்றத்தில் முஷ்டி உயர்த்திய பெண்கள், சர்க்கரைப் பொட்டலத்துக்கு நகர்ந்த அதே பெண்கள், தலை குனிந்து ஒவ்வொருத்தியாக. பிறகு மோல்தோ, யாரும் பார்க்காத மாதிரி. ஆட்டுக்காரன் தனக்கு ஒன்றும் ஆட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பங்கு கேட்டுத் திட்டு வாங்கினான். கடைசியில் எசென் வந்து மூக்கைச் சிந்திவிட்டுக் காதைக் காட்டினான். ஊரே கனத்தது, தெருவில் எல்லாரும் நெல் மூட்டை சுமந்தவர்கள் போல நடந்தார்கள்.

"உனக்குப் பங்கு?" என்றாள் ஜிபார், சட்டென்று நினைவு வந்தவளாக.

"விற்கிறவளுக்கு என்ன பங்கு," என்று சொல்லிக் காலிபா ஜன்னலைச் சாத்தினாள்.

துர்சுனாய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைவரம்புக்கு ஏறினாள், கீழே ஊர் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. பாப்ளர் வரிசையில் வழக்கம் போலக் காற்றின் மேல் தோளைச் சாய்த்தாள். அங்கே சுவர் இல்லை. அந்தப் பக்கம் குப்புற விழுந்தாள். ஊர் மூச்சை அடக்கியது. மைராம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மரங்களுக்கு அப்பாலிருந்து, அந்தப் பெண் முதல் முதலாக ஊருக்கு வெளியே இருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வேறு பாதையில் லாரிகள் இறங்கி வந்தன. காசிமோவுக்கு விஷயம் எட்டியிருந்தது. ஆணி பிடுங்கப்பட்டுவிட்டது, கூடாரம் விழ வேண்டியதுதான் என்று ஆட்களை நிறையக் கூட்டி வந்திருந்தான். ஊர் தெருவில் உட்கார்ந்திருந்தது. முழக்கம் இல்லை, பதாகை இல்லை, புகையிலையை மடியில் வைத்துக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜிபாரை இரண்டு பேர் தூக்கப் பார்த்தார்கள், நாலு பேர் தூக்கப் பார்த்தார்கள். நல்லா சாப்பிட்டு வந்திருக்கலாமே தம்பிகளா என்று அவள் அனுதாபப்பட்டாள். மைராமின் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. எசெனைக் கயிறு கட்டி லாரியால் இழுத்தார்கள், சக்கரம் சுழன்றது, புழுதி பறந்தது, லாரி அங்கேயே இருந்தது. காலிபாவுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. எத்தனை வருடம், எத்தனை கூட்டம், எத்தனை துண்டறிக்கை, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவர்கள் நகராமல் இருப்பதைப் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்று இருந்தவள். இதோ, ஒருத்தியும் நகரவில்லை, ஒருவனும் நகரவில்லை, ஓடை கூட நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. தெரு நடுவில் எழுந்து நின்று, "தூக்கிப் பாருங்கடா," என்றாள்.

தூக்கினார்கள். இலவம் பஞ்சு மூட்டை மாதிரி வந்தாள்.

ஊர் திகைத்தது. ஜிபார் கையை நீட்டினாள், எழுந்திருக்க முடியவில்லை; கனம் அப்படி. கம்பெனி ஆள் ஒருவனே காலிபாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனான், அவள் அவன் முதுகில் குத்திக்கொண்டே போனாள். லாரியின் பின்பக்கத்தில் அவளை ஏற்றினார்கள். அத்தனை பெரிய லாரியில் அவள் ஒருத்தி. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது, ஒரு ஆளாவது காட்ட வேண்டாமா என்று காசிமோவ் முனகுவது கேட்டது. லாரி நகர்ந்தபோது அவள் பலகையைப் பிடித்து நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "துர்சுன்" என்று ஊரைப் பார்த்து முழங்கினாள். தெரு முழுக்க, உட்கார்ந்தபடியே, முஷ்டியை உயர்த்தித் திருப்பி முழங்கியது. ஊரிலிருந்து அகற்றப்பட்டவள் ஊரிலேயே எந்தப் பொட்டலத்துக்கும் நகராதவள் ஒருத்தி மட்டும்தான் என்பதை நினைத்து அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஆத்திரத்தோடு சிரிப்பும் வந்தது. கன்னத்தில் வழிந்ததைப் புழுதி என்று வைத்துக்கொண்டாள்.

மலைவரம்பைத் தாண்டி ரயில் பாதைப் பக்கம் இறங்கும்போது லாரி நின்றது. சாலையோரம் மூட்டையோடு ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள், முழங்காலில் புதிதாகச் சிராய்ப்பு. ஓட்டுநர் தாலாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"ரயிலுக்கா? ஏறிக்கோ, பின்னாடி ஊரே ஏறுற அளவுக்கு இடம் கிடக்கு. பேரென்ன உனக்கு?"

அந்தப் பெண் ஒரு காலைச் சக்கரத்தில் வைத்து ஏறிக்கொண்டே யோசித்தாள். வாயில் ஏதோ இனிப்பைப் போட்டுக்கொண்டவள் போல அவள் முகம் மலர்ந்தது.

"இன்னும் வைக்கலை," என்றாள்.

அப்போதுதான் உள்ளே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். "ஏஜே," என்று ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காதைக் காட்டுகிறவள் போலத் தலையைச் சாய்த்துக் காலிபாவின் தோளில் வைத்தாள். லாரி வேகமெடுத்தது. காற்று இரண்டு பேர் தலைத்துணியையும் பறித்தது. காலிபாவின் நெஞ்சில் பெயர்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன, நல்ல பெயர்கள், உரக்கச் சொல்ல வேண்டிய பெயர்கள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

பிறகு, வாழ்நாளில் முதல் முறையாக, வாயை மூடிக்கொண்டாள்.